தூக்கம் திரும்பிய குளக்கரை

இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது. எதற்கெடுத்தாலும் எரிச்சல். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன்: வாரம் 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகத் தெரிந்தனவாம். சரி, பார்ப்போம் என்று தினமும் காலை 20 நிமிடம் போன் இல்லாமல் குளக்கரையில் உட்கார்ந்தேன்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு மீன்கொத்தி வந்தது. அது எந்தக் கிளையில் உட்காரும் என்று காத்திருந்ததில், மனதுக்குள் ஓடிய கவலைகள் தானாக அடங்கின. தூக்கமும் மெல்லத் திரும்பியது.

கரையில் கிடந்த பிளாஸ்டிக் கண்ணை உறுத்தியது. தனியாகத்தான் பொறுக்கத் தொடங்கினேன். இப்போது ஞாயிறுதோறும் ஒன்பது பேர் சேர்கிறோம். நாணலை மட்டும் தொடுவதில்லை, பறவைகள் கூடு கட்டும் இடம் அது. பார்த்த பறவைகளை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிகிறோம். நேற்று மீன்கொத்தி ஜோடியாக வந்தது.