பழைய பெட்ரோமாக்ஸைச் சரிசெய்யும்போது கெடுத்துவிடாமல் இருக்க

பரணிலிருந்து இறங்குகிற பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு முதலில் கிடைப்பது பாலிஷ்தான். பளபளவென்று தேய்த்து, நாலு படம் எடுத்து, அப்புறம்தான் எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரியாது. உடனே கையில் கிடைத்த ஸ்பேனரால் எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிப்பார்கள். பாதிக் கெடுதல் அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதுதான்.

கழற்றுவதற்கு முன் அது வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும். டேங்கில் அடித்த காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகிறது. அந்த ஆவி நிப்பிள் என்ற சிறு முனையின் நுண்ணிய துளையிலிருந்து சீறி, போகிற வழியில் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு, கலவைக் குழாய் வழியாக மேண்டில் என்ற வலைப் பைக்குள் போய் எரிகிறது. எரியும் சூட்டிலேயே குழாய் தொடர்ந்து சூடாகிறது. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் தருவது சூடேறிய மேண்டில்தான். நெருப்புக்கு அதில் பங்கு குறைவு. ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: காற்று நிற்கிறதா, சூடு போதுமா, ஆவியும் காற்றும் சரியாகக் கலக்கின்றனவா. பாலிஷ் கடைசி.

காற்றிலிருந்து தொடங்குவோம். எண்ணெய் ஊற்றாமல் காற்றடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். பம்பு அடித்தும் அழுத்தம் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் வாங்கத் தேவையில்லை. எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரித்துவிட்டால் பல வாஷர்கள் திரும்பவும் வேலை செய்யும். பம்புக் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் வாஷரைக் குற்றம் சொல்லாதீர்கள். பம்பின் அடியிலிருக்கும் ஒருவழி வால்வு கசிகிறது. அதற்குரிய சாவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் பித்தளைக் காடி வழுக்கிப்போய், பிறகு யாராலும் கழற்ற முடியாது.

கசியும் மூட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவது இன்றைய பழக்கம். குழாய் வேலைக்கு அருமையான பொருள்தான், ஆனால் 260 டிகிரிக்கு மேல் தாங்காது, 327 டிகிரியில் உருகும். பர்னர் பக்கத்து மூட்டுகளில் அதை வைத்தால் கசிவோடு நச்சுப் புகையும் சேரும். அந்த இடங்களுக்கு ஈய வாஷரும் கிராஃபைட் பேக்கிங்கும்தான் சரி. டேங்கிலேயே ஓட்டை என்றால் எபாக்ஸிப் பசை பூசி அழுத்தம் ஏற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். எண்ணெய் ஆவி மிச்சமிருக்கும் டேங்கில் நெருப்பைக் காட்டி, உலோகம் உருக்கி ஓட்டையை அடைப்பது அதைவிட மோசம்.

இனி நிப்பிள். எரிவது குறைந்தால் தையல் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்துவார்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் போச்சு: எண்ணெய் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் போய், மஞ்சள் நெருப்பும் கரியுமாக எரியும். அடைப்பு எடுக்க உள்ளேயே ஒரு பின் இருக்கிறது. எண்ணெயைத் திறக்கும் கைப்பிடியைத் திருப்பினால் அது மேலே வந்து துளையைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கும். பின் மேலே நிற்கும்போது நிப்பிளை முறுக்கி ஏற்றினால் பின் வளையும், அல்லது ஒடியும். அதனால் பின்னை இறக்கிவிட்டு நிப்பிளைப் பொருத்துங்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் பலர் மேண்டிலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நிப்பிளின் முனைக்கும் கலவைக் குழாயின் வாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பவர் குறைவு. 500 கேண்டில்பவர் பெட்ரோமாக்ஸில் அது 14 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கம்பெனி கூடவே கொடுத்த ஸ்பேனரின் அளவும் அதற்காகத்தான். இடைவெளி தவறினால் காற்றின் பங்கு மாறி வெள்ளை வெளிச்சம் கிடைக்காது. ட்யூனிங் என்று சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட இந்த ஒரு அளவில் அடங்கிவிடுகிறது. கீழே மேண்டில் கட்டும் பீங்கான் முகப்பை இறுக்கி முறுக்காதீர்கள். முழுக்க ஏற்றி, கால் சுற்று தளர்த்தி விடுங்கள். சூட்டில் உலோகமும் பீங்கானும் வேறு வேறு அளவில் விரியும். இடமில்லையென்றால் பீங்கான்தான் உடையும்.

மேண்டிலின் மடிப்புகள் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். எரிந்தபின் அது சாம்பல் வலை, தொட்டால் உதிரும். சின்ன ஓட்டை விழுந்தாலும் அதே மேண்டிலில் ஓட்டாதீர்கள். ஓட்டை வழியே சீறும் நெருப்பு கண்ணாடியின் ஒரே இடத்தில் பட்டு விரிசலிடும். பழைய மேண்டில் பொடியை வாயால் ஊதித் தள்ளுவதும் கூடாது. 1891இல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த மேண்டில் கலவையில் 99 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு, மிச்சம் சீரியம் ஆக்ஸைடு. தோரியம் கதிரியக்கப் பொருள். அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் தோரியம் அடங்கிய மோனசைட் தாது கண்டுபிடிக்கப்பட்டு ஜெர்மானியர் அதைத் தேடி வந்ததே இந்த மேண்டில் தொழிலுக்காகத்தான். புதிய மேண்டில்கள் பலவற்றில் இப்போது தோரியத்துக்குப் பதில் யிட்ரியம் வந்துவிட்டது.

பற்றவைக்கும்போது அவசரம்தான் எதிரி. குழாயை முதலில் சூடேற்றும் கிண்ணத்து ஸ்பிரிட் ஏறக்குறைய எரிந்து முடிவதற்குள் எண்ணெயைத் திறந்தால், ஆவியாகாத மண்ணெண்ணெய் பீறிட்டு லைட்டே தீப்பந்தமாகும். அப்படி ஆனால் அழுத்த மூடியின் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். அழுத்தம் காட்டும் கேஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பம்பு அடிக்காதீர்கள். டேங்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் காற்றுக்கு இடமிருக்காது.

அமெரிக்கக் கோல்மேன் லைட்டுகளில் பல பெட்ரோல் வகை எரிபொருளில் ஓடுபவை. அவற்றுக்கான குறிப்பைப் படித்துவிட்டு மண்ணெண்ணெய் லைட்டில் பெட்ரோல் ஊற்றுவதும், ‘கொஞ்சமாகக் கலக்கலாம்’ என்பதும் கொலைவேலை. மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக ஏறத்தாழ 40 டிகிரி வேண்டும். பெட்ரோலுக்குத் தண்ணீர் உறையும் நிலைக்கு வெகு கீழேயே அது போதும். கண்ணாடிக்கு அரைச்சாண் கீழே சூடாகிக்கொண்டிருக்கும் டேங்கை நினைத்துப் பாருங்கள்.

சரி, பாலிஷுக்கு வருவோம். பழைய பெட்ரோமாக்ஸ் பலவற்றில் பித்தளைக்கு மேல் நிக்கல் பூச்சு இருக்கும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் பூச்சும் போகும், கம்பெனி முத்திரையும் தேய்ந்துவிடும். புளி பித்தளைக்கு நல்லதுதான், ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து சிவப்புத் திட்டு விழும். அம்மோனியா கலந்த கிளீனரில் ஊறவைப்பதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்தபோது தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் நிறுவப்பட்டது. டேங்கும் அதே போல அழுத்தி வளைத்த பித்தளைதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் கையாலேயே துடைத்தால் போதும்.

எரியவிட்ட பிறகு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் காலிசெய்து காயவைத்துவிடுங்கள். அடியில் தங்கும் தண்ணீரும் கசடும்தான் அடுத்த முறை நிப்பிளில் வந்து நிற்கும்.