இதழ் இதழாகப் பிய்த்துச் சாப்பிடும் இலவங்கப்பட்டை பிரெட்

இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் தடவிய மாவுத் துண்டுகளை வரிசையாக நிறுத்திச் சுட்டெடுக்கும் இந்த இனிப்பு பிரெட்டுக்குக் கத்தி தேவையில்லை. சூடு ஆறும் முன்பே ஒவ்வோர் இதழாகக் கையால் பிய்த்தெடுத்துச் சாப்பிடலாம். செய்முறை கடினமன்று. ஆனால் மேற்புறம் அழகாகச் சிவந்திருக்க, நடுப்பகுதி மட்டும் வேகாத மாவாகவே தங்கிவிடுவது இதில் அடிக்கடி நேரும் கோளாறு. அமெரிக்காவில் 'மங்கி பிரெட்' என்ற பெயரில் இதே வகைப் பண்டத்தைச் சிறு உருண்டைகளாக அடுக்கி, நடுவில் குழாய் வைத்த வட்ட அச்சில் சுடுவது வழக்கம். அந்தக் குழாயின் வழியே உட்புறத்துக்கும் சூடு போய்ச் சேரும். நீளவாட்டு பிரெட் டின்னில் அந்த வசதி இல்லை என்பதால், மாவைத் தேய்க்கும் கனம், துண்டுகளை அடுக்கும் நெருக்கம், ஓவனின் சூடு ஆகிய மூன்றையும் நடுப்பகுதியைக் கருதியே தீர்மானிக்க வேண்டும்.

23 செ.மீ. நீளமும் 13 செ.மீ. அகலமும் உள்ள டின் ஒன்றுக்கு மைதா 350 கிராம், வெதுவெதுப்பான பால் 180 மி.லி., முட்டை 1, சர்க்கரை 45 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், உப்பு 1 தேக்கரண்டி போதும். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதிலாக 50 கிராம் கெட்டித் தயிர் சேர்க்கலாம். நிறம் சற்று வெளிறியிருக்கும், மென்மை பெரிதாகக் குறையாது. உள்ளே தடவுவதற்கு மிருதுவான வெண்ணெய் 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், இலவங்கப்பட்டைத் தூள் 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. நாட்டுச் சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்துக்கொள்வது நல்லது.

பட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மளிகைக் கடைகளில் பிரியாணிக்கென்று வாங்கும் தடித்த, கரடுமுரடான பட்டை பெரும்பாலும் காசியா வகையைச் சேர்ந்தது. அதன் காரம் தூக்கலாக இருக்கும், மிக்ஸியில் எளிதில் நைசாகவும் அரைபடாது. மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டைப்போல் தோன்றும் இலங்கைக் கறுவாப்பட்டையே இந்த பிரெட்டுக்கு ஏற்றது. அதைக் கையாலேயே நொறுக்கலாம், அரைத்தால் மாவாகிவிடும், மணமும் இனிமையாக இருக்கும். மாதக்கணக்கில் திறந்து வைத்திருந்த தூளைப் பயன்படுத்துவதைவிடத் தேவையான அளவை அவ்வப்போது அரைத்துக்கொள்வதே மேல். மணம் கூடட்டும் என்று இந்தத் தூளை மாவிலேயே கலந்து பிசைந்துவிட வேண்டாம். பட்டையில் உள்ள எண்ணெய்ச் சத்து ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைப்பதால் மாவு மந்தமாகவே எழும்பும். அடுக்குகளுக்கு இடையில் இருப்பதுதான் அதற்கு உரிய இடம்.

பால், விரலை வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். கொதிக்கும் பாலில் ஈஸ்ட் செத்துவிடும். மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து, பாலும் முட்டையும் ஊற்றித் திரட்டிய பிறகு 5 நிமிடம் பிசைந்து, அதன் பின்னரே வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் சேர்ந்ததும் மாவு கையிலும் மேடையிலும் ஒட்டிக்கொண்டு பாடுபடுத்தும். அப்போது மைதாவை மேலும் மேலும் தூவுவதுதான் பிரெட்டைக் கட்டையாக்கிவிடுகிறது. பொறுமையாக இன்னும் 8 முதல் 10 நிமிடம் பிசைந்தால் ஒட்டுவது தானாகவே அடங்கி, ஒரு சிறு துண்டை இரு கைவிரல்களால் மெல்ல இழுத்துப் பார்க்கும்போது கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய படலமாக விரியும். அந்தப் பதம் வந்ததும் எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைத்து, இருமடங்காக உப்பும்வரை விட்டுவிடலாம். கோடைக்காலத்தில் முக்கால் மணி நேரமே போதும். குளிரான இடங்களில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைவிட மாவின் அளவைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

உப்பிய மாவை அழுத்திக் காற்றை வெளியேற்றி, 50 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமுமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது மாவு சுருங்கிப் பின்வாங்கினால் 5 நிமிடம் மூடிவைத்துவிட்டுத் தொடரலாம். தடவும் வெண்ணெய் உருகியிருந்தால் சர்க்கரையோடு சேர்ந்து வழிந்து டின்னின் அடியில் தேங்கிவிடும் என்பதால், அது குழைவாக மட்டும் இருக்க வேண்டும். வெண்ணெயைப் பூசி, சர்க்கரையும் பட்டைத்தூளும் உப்பும் கலந்த கலவையைத் தூவிக் கையால் லேசாக அழுத்திவிட்டு, நீளத்தை ஆறாகப் பிரித்து 30 செ.மீ. நீளமுள்ள ஆறு கீற்றுகளாக வெட்ட வேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடியும் ஆறு பங்காக வெட்டினால் 36 இதழ்கள் கிடைக்கும்.

பட்டர் பேப்பர் விரித்த டின்னைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, இந்த அடுக்குகளை வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் வைத்த பிறகும் டின்னில் நான்கில் ஒரு பங்கு இடம் மிஞ்சினால் கவலைப்பட வேண்டாம். மாவு இரண்டாம் முறை எழும்பும்போது அந்த இடைவெளி நிரம்பிவிடும். இடம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் மாவைத் திணித்தால் நடுப்பகுதி வேகாது. 30 முதல் 40 நிமிடம் மூடிவைத்த பிறகு விரலால் தொட்டால், பதிந்த குழி மெதுவாகத் திரும்பி எழ வேண்டும்.

ஓவனை முன்கூட்டியே 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும் நிலையில், டின்னைக் கீழிருந்து இரண்டாம் தட்டில் வைக்கவும். சர்க்கரை வழிந்தால் தாங்குவதற்கு அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். 20 முதல் 25 நிமிடத்துக்குள் மேற்புறம் பொன்னிறமாகிவிடும். வெளியே எடுக்கத் தூண்டும் அந்த நேரத்தில்தான் உட்புறம் வேகவே தொடங்கியிருக்கும். மேலே அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி, மேலும் 12 முதல் 15 நிமிடம் விட வேண்டும். கேக்குக்குச் செய்வதுபோல் குச்சியைக் குத்திப் பார்ப்பது இங்கே அவ்வளவாகப் பயன்படாது. உருகிய சர்க்கரை ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 90 டிகிரிக்கு மேல் காட்டுகிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் நடுவிலுள்ள இரண்டு இதழ்களை முள்கரண்டியால் லேசாக விலக்கி, அவற்றின் இடை ஈரமாகப் பளபளக்கிறதா என்று கவனித்தாலே தெரிந்துவிடும்.

வெளியே எடுத்த 10 நிமிடத்தில், சர்க்கரைப் பாகு இறுகும் முன்பாக, பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித் தட்டில் வைத்துவிடவும். அரை கப் ஐசிங் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி பாலைக் கலந்து மேலே ஊற்றுவது உண்டு. ஏற்கெனவே உள்ளே போதுமான இனிப்பு இருப்பதால் அதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே ஒரு நாள் வைத்திருக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் குளிரில் பிரெட் இன்னும் விரைவாக விறைத்துப்போகும் என்பதால், அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் துண்டுகளாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது ஃபாயிலில் சுற்றி 150 டிகிரி சூட்டில் 10 நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம்.