டிஸ்க்கில் வராத பழைய ஹாலிவுட் படம்: யாரிடம், எப்படிக் கேட்பது

1930களிலும் 40களிலும் எடுத்த நல்ல படங்கள் பல இன்றுவரை டிவிடியாகவோ ப்ளூ-ரேயாகவோ வரவே இல்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உரிமையில் சிக்கல் இருக்கும்; நல்ல நெகடிவோ பிரிண்ட்டோ கையில் இருக்காது; இல்லையென்றால் போட்ட காசு திரும்பாது என்று நிறுவனம் கணக்குப் போட்டிருக்கும். உங்கள் படம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது தெரியாமல் எழுதும் கடிதம் தவறான மேஜைக்குப் போய்ச் சேரும்.

முதல் வேலை, இன்றைய உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. படத்தின் தொடக்கத்தில் வரும் லோகோவை நம்ப வேண்டாம். 1929 முதல் 1949 வரை பாரமவுண்ட் எடுத்த பேசும் படங்களில் பெரும்பகுதியை 1958ல் எம்சிஏ (பின்னாளில் யுனிவர்சலின் தாய் நிறுவனம்) வாங்கியது. அவை இப்போது யுனிவர்சலிடம் இருக்கின்றன. அந்தக் காலப் பாரமவுண்ட் படத்துக்காகப் பாரமவுண்டைக் கேட்டுப் பயனில்லை. எம்ஜிஎம் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 2022ல் அமேசான் எம்ஜிஎம்மை வாங்கியது உண்மைதான், ஆனால் 1986க்கு முந்தைய எம்ஜிஎம் படங்கள் டர்னர் என்ற டிவி நிறுவனத்தின் வழியாக வார்னருக்குப் போய்விட்டன. அமேசானிடம் உள்ள பழைய சரக்கில் முக்கியமானது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படங்கள். ஆர்கேஓ என்ற பழைய ஸ்டுடியோவின் படங்களுக்கான அமெரிக்க உரிமையும் பெரும்பாலும் வார்னரிடமே. வெளிநாடுகளில் வேறு கைகளில் இருக்கலாம். ஃபாக்ஸ் படங்கள் 2019 முதல் டிஸ்னியிடம். கொலம்பியா சோனியிடம். ரிபப்ளிக் படங்கள் பாரமவுண்டிடம்.

விதிவிலக்கும் உண்டு. ஆர்கேஓவின் ஆறு படங்கள் 1946ல் ஒரு வழக்குத் தீர்வாகத் தயாரிப்பாளர் மெரியன் கூப்பருக்குப் போயின. ஸ்டுடியோ பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அவை எங்கே போயின என்றே தெரியாமல் இருந்தது. பழைய படங்களைக் காட்டும் அமெரிக்க டிவி சேனலான டிசிஎம் உரிமையை வாங்கி 2007ல் ஒளிபரப்பிய பிறகுதான் மறுபடி கண்ணில் பட்டன.

உரிமையாளர் தெரிந்துவிட்டால், அவர் கையைக் கட்டிப்போட்டிருப்பது எது என்று பாருங்கள். படம் ஸ்டுடியோவுடையதாக இருக்கும். அதற்கு அடிப்படையான நாவல், நாடகம், பாட்டு ஆகியவற்றின் உரிமை வேறு ஒருவருடையதாக இருக்கும். வீட்டு வீடியோ என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதிய ஒப்பந்தங்கள் அவை. 1943ல் வந்த ‘தி கான்ஸ்டன்ட் நிம்ஃப்’ இப்படித்தான் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்து, 2011ல் சிக்கல் தீர்ந்ததும் அதே ஆண்டில் டிவிடியாகவும் வந்தது. 1932ன் ‘லெட்டி லிண்டன்’ ஒரு நாடகத்தைக் காப்பியடித்ததாக 1936ல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் புழக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட படத்துக்கு ஆயிரம் பேர் கையெழுத்திட்டு மனு போட்டாலும் அசையாது. வழக்கறிஞர்கள் பேசி முடிக்க வேண்டிய சங்கதி அது. உங்கள் உழைப்பை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை இன்னும் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். அமெரிக்காவில் 1963 வரை வெளியான படங்களுக்கு, 28ஆவது ஆண்டில் புதுப்பித்தால்தான் உரிமை தொடரும். 1940ல் பதிவான படம் என்றால் 1967, 1968ஆம் ஆண்டுகளின் காப்புரிமைப் பதிவுத் தொகுதிகளில் பெயரைத் தேடுங்கள். அவை ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுப்பித்த படமாக இருந்தால் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. 1929ல் வந்தவை 2025 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின, அதாவது யாரும் வெளியிடலாம். ஒரு எச்சரிக்கை: படத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்பதாலேயே துள்ளிக் குதிக்க வேண்டாம். 1946ன் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1974ல் புதுப்பிக்காமல் விடுபட்டது. மூலக்கதையின் உரிமையை வைத்தே 1990களில் அதை மறுபடி கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்தது மூலப்பொருள், அதாவது படத்தின் நெகடிவும் பிரிண்ட்டும். எங்கள் கணிப்பில், ரசிகர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதிகம் உதவக்கூடியதும் இதுதான். 1950களின் தொடக்கம் வரை படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் இருந்தன. அது தீப்பிடிக்கும், சுருங்கும், பிசுபிசுத்துப் பொடியாகும். 1934க்குப் பின் தணிக்கை இறுகியபோது, பழைய படங்களை மறுவெளியீடு செய்யப் பலமுறை மூல நெகடிவிலேயே கத்தரி வைத்தார்கள். 1933ன் ‘பேபி ஃபேஸ்’ வெளியீட்டுக்கு முன்பே வெட்டுப்பட்டு, திரையரங்குக்கு வந்தது 71 நிமிடம். வெட்டுக்கு முந்தைய 76 நிமிடப் பதிப்பு 2004ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் சேகரிப்பில் அகப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே டிவிடியில் இரண்டு பதிப்புகளும் வந்தன.

ஆகவே ஏஎஃப்ஐ (அமெரிக்கத் திரைப்படக் கழகம்) கேட்டலாகில் படத்தின் அசல் நீளத்தைப் பாருங்கள். இப்போது புழக்கத்தில் உள்ள பிரதியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) டிவி முறையில் வரும் டிவிடியில் 24 ஃப்ரேமை 25 ஆக ஓட்டுவார்கள். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 வினாடியில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பலர் ஏமாறும் இடம் இது. யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) திரைப்பட ஆவணக் காப்பகம், ராச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் திரையிடல் நிரல்களையும் தேடுங்கள். ‘புதுப்பித்த 35 மி.மீ. பிரிண்ட்’ என்று ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செலவு ஏன் பெரிது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 90 நிமிடப் படத்தில் 1,29,600 ஃப்ரேம். சுமார் 8,100 அடி ஃபிலிம். 4கே ஸ்கேனில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 50 மெகாபைட், மொத்தம் 6.5 டெராபைட் அளவு. கீறல், தூசி, நடுக்கம் எல்லாவற்றையும் அதில் சரிசெய்ய வேண்டும். மூன்று பட்டை டெக்னிகலர் என்ற பழைய வண்ண முறையில் எடுத்த படம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மூன்று நெகடிவ். மூன்றும் ஒரே அளவில் சுருங்கியிருக்காது. சரியாகப் பொருத்தாவிட்டால் முகத்தின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிதுங்கும்.

இப்போது கடிதம். வார்னர் படம் என்றால் அதன் டிஸ்க் வெளியீட்டுப் பிரிவான வார்னர் ஆர்கைவ். யுனிவர்சல், பாரமவுண்ட், பழைய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படங்கள் என்றால் அவற்றை உரிமம் வாங்கி வெளியிடும் கினோ லோர்பர், கிரைடீரியன், பிரிட்டனின் இண்டிகேட்டர், ஆஸ்திரேலியாவின் இம்ப்ரிண்ட் போன்றவற்றிடம் கேளுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரே படம். நாற்பது பெயர் கொண்ட பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். பெயர், ஆண்டு, இயக்குநர், அசல் நீளம், இன்றைய உரிமையாளர், நல்ல பிரிண்ட் எங்கே திரையிடப்பட்டது: இந்த ஆறும் இருக்கட்டும். கூடவே, அவர்கள் ஏற்கெனவே விற்கும் எந்தப் படத்தோடு இதைச் சேர்த்து விற்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அதே நடிகையின் மூன்று படங்களை ஒரே பெட்டியில் போடலாம் என்ற யோசனை வெறும் கெஞ்சலைவிடப் பலமானது.

பிறகு காசு. அதே இயக்குநரின் வேறு படம் வந்தால் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் வந்த புதிதிலேயே வாங்குங்கள். அடுத்ததைப் போடலாமா என்ற முடிவு அந்த விற்பனையைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. காத்திருக்கும் நேரத்தில் டிவியிலிருந்து பதிவுசெய்த கள்ள டிஸ்க்குகளிடம் போகாதீர்கள். மூலையில் சேனல் முத்திரை, அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிய சட்டகம் ஆகியவை அடையாளம். 1953க்கு முந்தைய படம் ஏறக்குறைய சதுரமாக, 1.37:1 அளவில்தான் இருக்க வேண்டும்.

வாங்குமுன் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள்; எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைச் சொல்வது அது. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ என்பதால் அங்குள்ளவர்களுக்கு அமெரிக்க டிஸ்க் நேராக ஓடும். கினோ டிஸ்க்குகள் பொதுவாக ஏ மண்டலத்தில் பூட்டப்பட்டவை. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்குப் பூட்டே கிடையாது. வார்னரின் பழைய டிவிடி பெட்டிகள் உங்களிடம் இருந்தால் 2006 முதல் 2008 வரை தயாரானவற்றை ஒருமுறை கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். அக்காலத் தயாரிப்பில் சில கெட்டுப்போவதை 2025ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. முதல் பத்து நிமிடம் சுத்தமாக ஓடி, பின்பாதியில் உறைந்து நிற்பது வழக்கமான அறிகுறி.