எம்பிஏ நுழைவுத் தேர்வுகளில் உங்களுக்கு எது கஷ்டம்? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி

கேட் கஷ்டமா, எக்ஸாட் கஷ்டமா? டான்செட் மட்டும் எழுதினால் போதுமா? ஜூன், ஜூலை பிறந்தால் சென்னையில் இறுதியாண்டு மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதிலாகப் பெரும்பாலும் ஒரு தரவரிசைதான் கிடைக்கும்: முதலில் கேட், அடுத்து எக்ஸாட், கடைசியில் மேட். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. கேள்வித்தாள் கடினமாக இருப்பது வேறு, அந்தத் தேர்வின் மூலம் நமக்கு வேண்டிய இடத்தைப் பிடிப்பது கடினமாக இருப்பது வேறு. ஆங்கிலத்தை மளமளவென்று வாசிக்கும் பி.ஏ. மாணவிக்கும், கணக்கில் புலியான மெக்கானிக்கல் மாணவருக்கும் ஒரே தாள் ஒரே அளவு கஷ்டமாக இருக்காது.

ஆனால் இதை அளக்க முடியும். இரண்டு மூன்று வார இறுதிகள், ஒரு நோட்டு, போனில் ஸ்டாப்வாட்ச், தேர்வுக்கு ஒரு பழைய வினாத்தாள் இருந்தால் போதும். கோச்சிங்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். எந்தத் தேர்வுக்கு, எந்தப் பகுதிக்கு உங்களுக்கு உதவி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

படி 1: கல்லூரியிலிருந்து தொடங்குங்கள்

தேர்வுகளை ஒப்பிடும் முன், நீங்கள் சேர நினைக்கும் ஐந்தாறு கல்லூரிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கிறது என்று எழுதுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை எம்பிஏவுக்குக் கேட் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் டான்செட் வழியாகச் சேர்க்கிறது. லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா எக்ஸாட், கேட் இரண்டையும் பார்க்கிறது. மாமல்லபுரம் பக்கம் மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸுக்குக் கேட், எக்ஸாட், ஜிமேட் என்று பல வழிகள். வெளியூர் என்றால், ஐஐஎம்களுக்குக் கேட், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐக்கு எக்ஸாட், சிம்பயாசிஸுக்கு ஸ்னாப், மும்பை என்எம்ஐஎம்எஸுக்கு என்மேட். வேலை அனுபவத்தோடு ஐஎஸ்பிக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர்கள் ஜிமேட் பக்கம் வருவார்கள்.

உங்கள் பட்டியலில் எந்தக் கல்லூரியும் கேட்காத தேர்வு எவ்வளவு எளிதாக இருந்தாலும் உங்களுக்குத் தேவையில்லை. அதை இங்கேயே அடித்துவிடுங்கள்.

படி 2: ஒரு கேள்விக்கு எத்தனை நொடி?

மொத்த நேரத்தை மொத்தக் கேள்விகளால் வகுத்துப் பாருங்கள். சமீபத்திய முறைப்படி கணக்கு இப்படி வரும்:

- மேட்: 120 நிமிடம், 150 கேள்வி. கேள்விக்கு 48 நொடி.
- ஸ்னாப்: 60 நிமிடம், 60 கேள்வி. 60 நொடி.
- என்மேட்: 120 நிமிடம், 108 கேள்வி. சராசரியாக 67 நொடி.
- டான்செட்: 120 நிமிடம், 100 கேள்வி. 72 நொடி.
- கேட்: 120 நிமிடம், 2024இல் 68 கேள்வி. 106 நொடி.
- சிமேட்: 180 நிமிடம், 100 கேள்வி. 108 நொடி.
- ஜிமேட்: 135 நிமிடம், 64 கேள்வி. 127 நொடி.
- எக்ஸாட்: பொது அறிவு தவிர்த்த முதல் பகுதி 2025இல் 170 நிமிடம், 75 கேள்வி. 136 நொடி.

கேள்வி எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். 2019 வரை கேட் 180 நிமிடத் தேர்வாக, 100 கேள்விகளோடு இருந்தது. 2020இல்தான் 120 நிமிடமாகச் சுருங்கியது. அதனால் நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இப்போது பட்டியலைக் கவனியுங்கள். கேட்டுக்கும் சிமேட்டுக்கும் ஏறத்தாழ ஒரே நொடிதான். இரண்டையும் எழுதியவர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நொடி அதிகமாகக் கிடைக்கும் எக்ஸாட்தான் பலருக்கு மூச்சு முட்டுகிறது. காரணம், கேட்டும் எக்ஸாட்டும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதும் தேர்வுகளே இல்லை. சமீப ஆண்டுகளில் கேட்டில் 99 பெர்சென்டைல் (அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்தும் இடம்) வாங்கத் தேவைப்பட்டது மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் குறைவு. 68 கேள்விகளில் நன்றாகத் தேர்ந்து 35ஐ மட்டும் தொட்டால், ஒரு கேள்விக்கு 205 நொடி கிடைக்கிறது. கேட்டின் உண்மையான நேரக் கணக்கு அதுதான். எதை விடுவது என்று தெரிந்தவருக்கு அங்கே நேரம் இருக்கிறது.

ஸ்னாப், மேட் போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. கேள்வி சுலபம், ஆனால் ஓட்டம் நிற்கக் கூடாது.

நேரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பிரிவுகளுக்கு இடையே போய் வர முடியுமா? கேட்டில் ஆங்கிலம், தரவு-தர்க்கம், கணக்கு என்று மூன்று பிரிவுக்கும் தலா 40 நிமிடம். முடிந்தால் கதவு மூடிவிடும், திரும்ப முடியாது. என்மேட்டிலும் பிரிவுக்கு நேரம் தனி. மொழிப் பிரிவில் 28 நிமிடத்தில் 36 கேள்வி, அதாவது கேள்விக்கு 47 நொடிதான். ஸ்னாப்பில் ஒரு மணி நேரத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பிரிவில் மட்டும் மெதுவாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

படி 3: தப்புக்கு என்ன விலை?

கேட்டில் சரியான விடைக்கு 3, தப்புக்குக் கழிவு 1. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், நான்கு முறையில் ஒரு முறை 3 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம். ஒரு விருப்பம் நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதை நீக்கிவிட்டீர்கள் என்றால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. விருப்பங்களே இல்லாமல் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் நெகட்டிவ் மார்க் கிடையாது. அவற்றைக் காலியாக விடுவதில் எந்த லாபமும் இல்லை.

எக்ஸாட் இன்னும் நுணுக்கமானது. ஐந்து விருப்பங்கள், தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு. அதோடு, எட்டுக் கேள்விகளுக்கு மேல் தொடாமல் விட்டால், அதற்கு மேல் விடும் ஒவ்வொன்றுக்கும் 0.10 கழிவு. கண்மூடிக் குறித்தால் சராசரியாக நட்டம் பூஜ்ஜியம், விட்டால் 0.10 நட்டம். ஆக, எட்டைத் தாண்டிய பிறகு இரண்டு விருப்பங்களையாவது நீக்க முடிகிற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

டான்செட்டில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். என்மேட்டில் கழிவே இல்லை, ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது. பயந்து பயந்து விடை குறிக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு என்மேட் கேட்டை விட நிம்மதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: உங்களோடு யார் எழுதுகிறார்கள்?

2024இல் கேட் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பெர்சென்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 2,900 பேர் இருக்கிறார்கள். 95 என்றால் 14,600 பேர். பெர்சென்டைலைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

மேட்டில் வாங்கிய 95ஐயும் கேட்டில் வாங்கிய 95ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். எழுதும் கூட்டம் வேறு. ஜிமேட்டில் உலகம் முழுவதும் எழுதுபவர்களோடு உங்களை ஒப்பிடுகிறார்கள். அதிலும் 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் அளவுகோல் 205 முதல் 805 வரை. எல்லா மதிப்பெண்ணும் 5இல் முடியும். 700, 720 என்று பூஜ்ஜியத்தில் முடியும் எண்ணை யாராவது சொன்னால் அது பழைய தேர்வு. பழைய 700க்கு இணையாக இப்போது 645ஐத்தான் சொல்கிறார்கள்.

கூட்டத்தோடு உங்கள் பழைய மதிப்பெண்களும் சேரும். பல ஐஐஎம்கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் எடை போடுகின்றன. பத்தாவதில் குறைந்திருந்தால், அதே ஐஐஎம்முக்கு உங்களுக்குத் தேவைப்படும் பெர்சென்டைல் உங்கள் நண்பருக்குத் தேவைப்படுவதை விடக் கூடும். இதைச் சேர்க்காத எந்தக் கடினக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

இட ஒதுக்கீட்டில் நம் ஊர் மாணவர்கள் பலர் கடைசி நேரத்தில் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் ஐஐஎம்களுக்குப் போதாது. உங்கள் சமூகம் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழும் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 5: உட்கார்ந்து எழுதுங்கள், இரண்டு முறை

முக்கியமான படி இதுதான். உங்கள் பட்டியலில் மிஞ்சிய ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பழைய தாளையோ மாதிரித் தேர்வையோ எடுங்கள். ஜிமேட்டுக்கு அதை நடத்தும் அமைப்பே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. வீட்டில் டிவி சத்தம், காலிங் பெல் என்று தொந்தரவு இருந்தால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களோடு உட்காரத் தனிப் பகுதி இருக்கிறது. அச்செடுத்த தாளைக் கொண்டுபோய் அங்கே எழுதலாம்.

முதல் முறை, நேரம் வைத்து நேர்மையாக எழுதுங்கள். மணி அடித்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். விடைகளை உடனே பார்த்துவிடாதீர்கள். டீ குடித்துவிட்டு வந்து, தொடாமல் விட்ட கேள்விகளையும், சந்தேகத்தோடு குறித்தவற்றையும் நேரமே பார்க்காமல் வேறு நிறப் பேனாவால் போடுங்கள். அப்புறம் திருத்துங்கள்.

நோட்டில் பிரிவு வாரியாக இரண்டு எண்கள் எழுதுங்கள்: நேரத்துக்குள் சரியானவை, நேரமில்லாமல் சரியானவை.

உதாரணத்துக்கு, கேட் கணக்குப் பிரிவில் 22 கேள்விகள். ஒரு மாணவி 40 நிமிடத்தில் 6 சரியாகப் போட்டாள், நேரம் பார்க்காமல் போட்டபோது மொத்தம் 15 சரி. அவளுக்குப் பாடம் தெரியும், வேகமும் தேர்வு செய்யும் கண்ணும்தான் வர வேண்டும். மாக், அதாவது மாதிரித் தேர்வுகள் எழுத எழுத அது வரும். இன்னொருவர் நேரத்துக்குள் 6, நேரமில்லாமலும் 7. அவர் இன்னும் நூறு மாக் எழுதினாலும் அந்த எண் நகராது. சதவீதம், விகிதம், வேகம்-தூரம், சமன்பாடு என்று அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும். இருவருமே “எனக்கு குவான்ட்ஸ் கஷ்டம்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் இருவருக்கும் வேண்டிய மருந்து வேறு.

தரவு-தர்க்கப் பிரிவில் இன்னொன்றைக் குறியுங்கள்: எந்த செட்டை (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விகளின் தொகுப்பை) முதலில் எடுத்தீர்கள்? 2024 கேட்டில் அந்தப் பிரிவில் ஐந்து செட்கள், 22 கேள்விகள். முதல் ஐந்து நிமிடம் எல்லா செட்டையும் வாசித்துவிட்டு, எளிதான இரண்டு மூன்றை மட்டும் எடுப்பவர் முன்னே போகிறார். முதல் செட்டிலேயே 20 நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தால், உங்களுக்குக் கஷ்டம் கேள்வியில் இல்லை, வரிசையில்.

ஆங்கிலத்துக்கு ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்தப் பிரிவின் முதல் எண்ணைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். நேரம் கொடுத்தால் பத்தி புரிகிறது என்றால், தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கமும் ஒரு நீண்ட கட்டுரையும் வாசித்து வந்தாலே சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். வாசிப்பு வேகம் வளரக்கூடியது.

படி 6: ஒரு முதன்மைத் தேர்வு, இரண்டு துணை

நோட்டில் உள்ள எண்களையும் படி 1இன் கல்லூரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் முடிவு தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு என் யோசனை, கேட்டை முதன்மையாக வைத்துப் படிப்பதுதான். அந்தப் படிப்பு மற்றத் தேர்வுகளின் பெரும்பகுதிக்கும் உதவும். தனியாகச் சேர்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: எக்ஸாட்டின் முடிவெடுத்தல் பகுதி, எக்ஸாட்டுக்கும் சிமேட்டுக்கும் பொது அறிவு, டான்செட்டின் வணிகச் சூழல் பகுதி. இந்தக் கடைசியில், ஒரு தொழில் நிலைமையைப் பத்தியாகக் கொடுத்து, அதில் வரும் தகவல்களில் எது நோக்கம், எது முக்கியக் காரணி, எது வெறும் அனுமானம் என்று வகைப்படுத்தச் சொல்வார்கள். பழக்கமில்லாதவருக்கு முதலில் எல்லாமே முக்கியக் காரணியாகத் தெரியும். நான்கைந்து பத்தி போட்டுப் பார்த்தால் பிடிபடும்.

ஐஐஎம் உங்கள் பட்டியலில் இல்லை, தமிழ்நாட்டுக்குள் குறைந்த கட்டணத்தில் நல்ல எம்பிஏ போதும் என்றால், டான்செட்டை முதன்மையாக வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

காலண்டரில் குறிக்க: கேட் வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு அல்லது அதை ஒட்டி, ஸ்னாப் டிசம்பரில், எக்ஸாட் ஜனவரி முதல் ஞாயிறு வாக்கில், டான்செட் பிப்ரவரி, மார்ச்சில். நவம்பர் கடைசி என்றால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. தேர்வு மையம் நகரத்துக்கு வெளியே விழுந்தால், முந்தின நாளே போய் வழியைப் பார்த்துவிடுங்கள், தேர்வு நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

ஜனவரியில் எக்ஸாட் முடிந்த கையோடு கணினியை விட்டுத் தாளுக்கு மாறுங்கள். டான்செட் இன்னும் ஓஎம்ஆர் தாளில்தான் நடக்கிறது. வட்டத்தை நிரப்பவும் நொடிகள் போகும், ஒரு வரிசை மாறினால் அடுத்தடுத்த விடைகளும் மாறிவிடும். அச்செடுத்த ஓஎம்ஆர் தாளில் பந்துமுனைப் பேனாவால் இரண்டு மூன்று முழுத் தேர்வுகளாவது எழுதிப் பழகிவிட்டு மையத்துக்குப் போங்கள்.