அவரைக்காய்க் குழம்பில் தழை மணம் ஏன் நிற்பதில்லை?

மார்கழி பிறந்தால் பெங்களூரில் அவரைக்காய் காலம். பக்கத்து ஊரான மாகடியிலிருந்து காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மொட்டை மாடித் தொட்டிகளில் கொத்தமல்லியும் புதினாவும் சதகுப்பையும் (டில் கீரை) தழைத்து நிற்பதும் இப்போதுதான். இத்தனையும் கையில் இருந்தும், அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பு மணக்கவில்லை என்றால், பெரும்பாலும் தழையைப் போட்ட நேரம்தான் தவறு.

சதகுப்பை, கொத்தமல்லி இரண்டின் மணமும் சூட்டில் சட்டென்று ஆவியாகிவிடும் எண்ணெயில் இருக்கிறது. பருப்போடு குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். புளியும் சேர்ந்தால் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். சதகுப்பையை இறக்குவதற்கு 3 நிமிடம் முன்பு சேருங்கள். 2 கப் பிதுக்குப் பருப்புக்குப் பொடியாக நறுக்கியது அரை கப் போதும். கூடினால் அவரையின் சொந்த வாசம் அமுங்கிவிடும், அது பெரிய நஷ்டம். கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகே தூவி மூடுங்கள். கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் நேர்மாறு. அவற்றின் மணம் எண்ணெயில் இறங்க வேண்டும், அதனால் தாளிப்பிலேயே போடலாம். ஆனால் கற்பூரவல்லி 4 இலையைத் தாண்டினால் குழம்பு கஷாயமாகிவிடும்.

புதினாவில் இலையை மட்டும் கிள்ளுங்கள், முற்றிய தண்டு நாரும் கசப்பும். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் விழுது சூடாகிக் கறுக்கும். விட்டு விட்டு ஓட்டுங்கள். கொத்தமல்லித் தண்டை மட்டும் எறியாதீர்கள், தேங்காயோடு அரைக்க அதைவிட நல்லது இல்லை.

அடுத்தது பருப்பு. உரித்த கொட்டையை இரவே ஊறவைத்தால் காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கியதும் பருப்பு நழுவி வெளியே வரும். அவசரத்தில் அரைகுறையாக ஊறவைத்தால் தோலோடு பருப்பும் உடையும். பிதுக்கியதைக் குக்கரில் வைத்தால் கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் 10, 15 நிமிடம் போதும். விரலால் நசுக்கிப் பார்த்து உள்ளே மாவாக இருந்தால் வெந்தது. அதற்கு முன் புளியோ தக்காளியோ விடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு மெத்தென்று வேகாது, கொதிக்கக் கொதிக்க விறைப்பாகவே நிற்கும்.

தொட்டியிலும் கவனம் வேண்டும். வேப்பெண்ணெய் தெளித்த செடியை ஒரு வாரமாவது தொடாதீர்கள், கசப்பு குழம்பில் ஏறும். சதகுப்பையை நாற்றுப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் தேறாது, நேரடியாக விதைப்பதே சரி. பூ விட்டுவிட்டால் இலை குறைந்துவிடும், அதற்குள் பறித்துவிடுங்கள். பனி உலர்ந்த பிறகு பறித்து, சமைக்கும் நேரத்தில் கழுவி நறுக்குங்கள். முன்னிரவே நறுக்கி டப்பாவில் வைத்தால் மணம் பாதியாகிவிடும்.

குளிருக்கு மறுநாள் குழம்பு இன்னும் ருசிதான். ஆனால் சுடவைக்கும்போது நேற்றைய தழையை நம்பாமல், இறக்கியதும் ஒரு பிடி புதுக் கொத்தமல்லி போடுங்கள்.