வால்வெள்ளியின் அகச்சிவப்பு நிறமாலையைப் படிப்பது எப்படி?

வால்வெள்ளி கதிரவனை நெருங்கும்போது அதன் பனி உருகி நீராவதில்லை. திண்ம நிலையிலிருந்து நேரே ஆவியாகி, தூசியையும் உடன் கிளப்பிக்கொண்டு, வால்வெள்ளியின் திண்ம மையமான உட்கருவைச் சுற்றிக் கோமா என்னும் மங்கலான உறையாகப் பரவுகிறது. அந்த உறையில் எந்த வாயு எவ்வளவு உள்ளது, தூசி எந்தக் கனிமங்களால் ஆனது என்பதை அகச்சிவப்பு நிறமாலையிலிருந்து கண்டறியும் வழியைப் புதிதாகத் தொடங்குவோருக்காகப் படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: அலைநீளத்தைத் தெரிவு செய்தல்

நீர் மூலக்கூறு 2.7 மைக்ரோமீட்டரிலும், கார்பன் டை ஆக்சைடு 4.26-லும், கார்பன் மோனாக்சைடு 4.67-லும் வலுவாக ஒளிர்கின்றன. மீத்தேன், ஈத்தேன், மெத்தனால் ஆகியவை 3.3 முதல் 3.5 வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நம் வளிமண்டலத்திலேயே நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நிறைந்திருப்பதால், 2.7, 4.26 ஆகிய இரு பட்டைகளையும் தரையிலிருந்து காண இயலாது. ஹேலி வால்வெள்ளியின் நீரை 1985 டிசம்பரில் அகச்சிவப்பில் கண்டறிந்ததுகூட, கைப்பர் வான்வழி ஆய்வகம் என்னும், விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால்தான்.

இரண்டாம் படி: தரவைப் பெறுதல்

சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நிர்ஸ்பெக் கருவி 0.6 முதல் 5.3 மைக்ரோமீட்டர் வரை பதிவு செய்கிறது. அதன் தரவுகள் மாஸ்ட் என்னும் இணையக் காப்பகத்தில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: தூசியையும் வாயுவையும் பிரித்தல்

தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான் என்பது என் கருத்து. தூசி தரும் ஒளி, அகன்ற, மெல்ல ஏறி இறங்கும் தொடர்நிறமாலை. வாயு தருவது அதன் மேல் முளைத்து நிற்கும் கூர்முனைகள். குறைந்த அலைநீளங்களில் தூசி கதிரவனின் ஒளியைச் சிதறடிக்கிறது. ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டருக்கு அப்பால் தன் வெப்பத்தாலேயே ஒளிரத் தொடங்குகிறது. ஆகவே ஒற்றை வளைவு போதாது: சிதறலுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று என இரண்டின் கூட்டை, 3.8 முதல் 4.1 வரை போன்ற, வலுவான வாயுப் பட்டைகள் இல்லாத பகுதிகளில் பொருத்தி, பிறகே நிறமாலையிலிருந்து கழிக்க வேண்டும். வளைவு சற்றே தாழ்ந்திருந்தாலும், எஞ்சும் தூசியொளி முழுவதும் வாயுவின் கணக்கில் சேர்ந்துவிடும். மங்கலான ஈத்தேன் போன்றவற்றில் இப்பிழை பெரிதாகத் தெரியும்.

நான்காம் படி: முனைகளை அளவாக மாற்றுதல்

உயரமான முனை என்றால் மிகுதியான வாயு என்று எண்ணிவிடக் கூடாது. கதிரவனின் ஒளியை ஏற்று மீண்டும் உமிழும் திறன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேறு; கார்பன் டை ஆக்சைட்டின் 4.26 பட்டை, நீரின் 2.7 பட்டையைப் போல் சுமார் 10 மடங்கு திறனுடன் ஒளிர்கிறது. எனவே இரு பட்டைகளிலிருந்தும் சம எண்ணிக்கையில் ஒளித்துகள்கள் வந்தால், கார்பன் டை ஆக்சைடு நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கிடைத்த ஆற்றலை முதலில் ஒளித்துகள் எண்ணிக்கையாக மாற்றி, அத்திறனால் வகுத்து, வாயு விரியும் வேகத்தையும் கணக்கில் கொண்டால், நொடிக்கு எத்தனை மூலக்கூறுகள் வெளியேறுகின்றன என்பது கிடைக்கும். கதிரவனிலிருந்து ஒரு வானியல் அலகில் (புவிக்கும் கதிரவனுக்கும் இடையிலான சராசரித் தொலைவில்) அவ்வேகம் நொடிக்கு சுமார் 0.8 கிலோமீட்டர். தொலைவு இருமடங்கானால் ஒளிரும் திறன் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதையும் மறக்கலாகாது. பிரகாசமான வால்வெள்ளிகளில், உட்கருவுக்கு மிக அருகே வாயு தன் ஒளியையே தடுக்கும் அளவு அடர்ந்திருக்கும். அங்கே இந்த எளிய கணக்கு உண்மையைவிடக் குறைவான விடையே தரும்.

ஐந்தாம் படி: தூசியின் கனிமம்

இதற்கு 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதி வேண்டும்; ஜேம்ஸ் வெப்பின் மிரி கருவி அதைத் தருகிறது. வழவழப்பான அகன்ற மேடு, ஒழுங்கற்ற அமைப்புடைய சிலிகேட்டை, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பாறைப்பொருளைக் குறிக்கும். அதன் மேல் 11.2-ஐ ஒட்டி ஒரு சிறு முனை தென்பட்டால், அது மெக்னீசியம் மிகுந்த ஆலிவின் என்னும் சிலிகேட்டின் படிகம். ஹேல்-பாப் வால்வெள்ளியில் இத்தகைய படிகங்கள் தெளிவாகக் காணப்பட்டன. அவை உருவாகப் பெருவெப்பம் தேவை. சூரியக் குடும்பத்தின் குளிர்ந்த எல்லையில் பிறந்த வால்வெள்ளிக்குள் அவை இருப்பதால், இளம் கதிரவனுக்கு அருகிலிருந்த பொருள் வெளிப்பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.