மும்பையில் இருந்துகொண்டு ஊர் வீட்டையும் தோட்டத்தையும் விற்பது எப்படி

தாராவியிலிருந்து ஆலங்குளம் பக்கத்து எங்கள் ஊருக்கு ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு ராத்திரி. தாத்தா வீட்டையும் அதை ஒட்டிய தோட்டத்தையும் விற்க ஐந்து தடவை போய் வந்தேன். இரண்டே தடவையில் முடித்திருக்கலாம். எடுத்த எடுப்பில் புரோக்கரிடம் விலை பேசியதுதான் நான் செய்த தப்பு.

முதலில், கையிலிருக்கும் பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலக் கணக்கு), புலப்படம் (நில எல்லை வரைபடம்) எல்லாம் தமிழக அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. சொத்து மேல் பதிவானதைக் காட்டும் வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில். தாத்தாவின் பத்திரத்தில் 3 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 1.26.0 ஹெக்டேர், அதாவது 126 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர்). ஓர் ஏர் என்பது 2.47 சென்ட் என்று கணக்குப் போட்டால் 3 ஏக்கர் 11 சென்ட்தான் வருகிறது. 9 சென்ட் எங்கே? பணம் கட்டி சர்வேயரை வரவழைத்தோம். வடகிழக்கு மூலைக் கல்லைக் காணவில்லை. உடைமுள் வேலியைத் தலையாரி அரிவாளால் விலக்கியபோது, கல் பக்கத்து வயலுக்குள் சாய்ந்து கிடந்தது. நட்ட பிறகும் பட்டா அளவுதான் வந்தது, பத்திரத்தின் கணக்கு வரவில்லை. வாங்குகிறவர் பட்டாவில் உள்ள சென்ட்டுக்குத்தான் காசு தருவார். அதனால் மொத்த விலை சொல்லாமல், சென்ட் விலை பேசுங்கள்.

வீடு தனிக் கதை. பல ஊர்களில் வீடு நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில் இருக்கும், தோட்டம் வேறு சர்வே எண்ணில் இருக்கும். நத்தத்துக்குத் தனிப் பட்டா. எங்களுடையதும் அப்படித்தான். இரண்டையும் ஒரே பத்திரத்தில் போட்டுவிடலாம் என்றார் புரோக்கர். வேண்டாம் என்று தடுத்தவர் மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் ஆடிட்டர். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, வீட்டுக்கு உண்டு. கிராமப்புறம்தானா என்று நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து தூரம் பார்ப்பார்கள், நிலம் அதற்கு அப்பால் இருக்க வேண்டும்: மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் என்றால் 8. நாங்கள் தனித்தனிப் பத்திரமாகவே எழுதினோம்.

அடுத்தது கையெழுத்து. இங்கேதான் ஒரு வருஷம் போயிற்று. பட்டா அப்பா பெயரில் மட்டும் இருந்ததால் நானும் அம்மாவும் தங்கையும் போதும் என்று நினைத்தோம். வாங்க வந்தவரின் வக்கீல் வாரிசுச் சான்றைக் கேட்டார். தாத்தா சுயமாக வாங்கிய சொத்து, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. செம்பூரில் இருக்கும் அத்தையிடம் போய் நின்றேன். "ஏலே, நானும் அந்த வீட்லதானடே பொறந்தேன். மறந்துட்டியோ?" என்றாள். மறந்துதான் போயிருந்தேன். பங்கைப் பேசி முடித்த பிறகு, முழங்கால் வலியோடு அவளை ஊருக்கு இழுக்க முடியாது என்று, அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமான பவர் எழுதினோம். நோட்டரி முத்திரையை மட்டும் நம்பி ஊருக்குப் போகாதீர்கள். குடியிருக்கும் இடத்துச் சார்பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பத்திரம் பதிகிற நாளில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு 30 நாளுக்குள் வாங்கிய சான்றும் வேண்டும்.

காகிதம் சரியானதும் கிணற்றுக்கு வாருங்கள். நம் பக்கத்தில் வீட்டைப் பார்த்து யாரும் நிலம் வாங்குவதில்லை. தண்ணீரையும் வண்டிப் பாதையையும்தான் பார்ப்பார்கள். எங்கள் கிணறு பொதுக்கிணறு. பத்திரத்தில் "கிணறு, வாய்க்கால், பாதையில் நாலில் ஒரு பங்கு" என்று இருந்தது. இந்த வரி உங்கள் பத்திரத்தில் இல்லையென்றால், மற்ற பங்காளிகளிடம் எழுதி வாங்கிவிட்டுப் பிறகு ஆள் தேடுங்கள். பம்புசெட்டின் இலவச மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது. அதையும் மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆள் தேடுவதென்றால் மும்பையில் தேடாதீர்கள். மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது, தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை என்பதால் இங்கே ஆசையாக விசாரிப்பவர்கள் நிறைய. ஒருத்தரும் ரயில் ஏற மாட்டார்கள். கடைசியில் எங்கள் தோட்டத்தை வாங்கியது அதே கிணற்றில் இன்னொரு பங்கு வைத்திருந்த அண்ணாச்சிதான். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருக்கும் அவரிடம் முதல் நாளே போய்க் கேட்டிருக்க வேண்டும்.

பத்திரச் செலவு அவருடையது: முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதைக் குறைக்க, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் பேங்க்கில் போட்டார்.

வீட்டையும் அவரே எடுத்துக்கொண்டார், அரை மனசாக, வைக்கோல் போட. பதிவுக்கு முந்தின நாளே சாமான்களை எடுத்துவிடுங்கள், பிறகு கேட்டால் சண்டை வரும். அம்மா அம்மிக்குழவியை மட்டும் கேட்டிருந்தாள். கல்லை விட்டுவிட்டு அதை மட்டும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. துண்டில் சுற்றி, ஸ்லீப்பரில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.